ஆறாம் படுக்கையின் இரண்டு கோடுகள்

எனக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது, கத்தரிக்கோலில் தெரியும். மானிட்டரிலிருந்து அச்சாகி வரும் தாள்பட்டையை நான் வெட்டுகிற சத்தத்தைக் கேட்டே, "இன்னைக்கி ஜெயசுதாக்கா பக்கம் போவாதடி" என்று எங்கள் ஐ.சி.யு. பெண்கள் ஒதுங்கிப் போவார்கள். அன்றைக்கு நான் வெட்டிய வேகத்தில் பட்டை கோணல்மாணலாக வந்தது.

பாகூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி எங்களுடையது. ஷிஃப்டுக்கு ஷிஃப்டு எல்லாப் படுக்கைக்கும் பட்டை எடுக்க வேண்டும். பட்டையில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேல்கோடு இதயத்தின் துடிப்பு. கீழ்கோடு, மணிக்கட்டு ரத்தக்குழாயில் நாங்கள் போட்டு வைத்திருக்கும் மெல்லிய குழாய் சொல்கிற ரத்த அழுத்தம். இரண்டையும் பார்த்து, அளந்து, எழுதி, ஒட்ட வேண்டும். அதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம். பட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, மேல்பாதியை இதய டாக்டரின் ஃபைலிலும், கீழ்பாதியைப் படுக்கைக் காலடியில் தொங்கும் நர்ஸ் சார்ட்டிலும் ஒட்டுவோம். ஏன் அப்படி என்றால், சார்ட்டில் இருக்கும் கட்டம் சின்னது. கட்டத்தை யார் சின்னதாகப் போட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நாங்களும் கேள்வி கேட்காமல் வெட்டிக்கொண்டே இருந்தோம்.

ஆறாம் படுக்கையில் இருந்தவள் செல்வகுமாரி, எங்களுக்குச் செல்வி, பண்டசோழநல்லூர்க்காரி. தலைப்பிரசவம், பெண் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இதயம் தளர்ந்து போகும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இவளுக்கும் அப்படித்தான் ஆயிற்று. மூச்சு விட முடியாமல் தூக்கி வந்தார்கள். மூச்சு மெஷினில் போட்டு, மருந்து கொடுத்து, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துத் தேற்றினோம். தொண்டையிலிருந்து குழாயை எடுத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பாப்பா பால் குடிச்சிச்சா?" என்பதுதான். குரல் தகரத்தில் ஆணி கீறுவது போல இருந்தது. ஆனால் என் காதுக்கு அது தேனாகப் பாய்ந்தது, பொய் சொல்லவில்லை.

குழந்தை ஊரில் செல்வியின் நாத்தனார் தனக்கொடியிடம் இருந்தது. தனக்கொடிக்கும் மடியில் ஒரு கைக்குழந்தை, அதனால் இரண்டுக்கும் அவள்தான் பால். ஐ.சி.யு.வுக்குள் பச்சைக்குழந்தையைக் கொண்டுவரக் கூடாது. அதனால் சாயங்காலம் கொஞ்ச நேரம் போனில் முகத்தைக் காட்டட்டும் என்று டாக்டர் மணவாளனிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியது நான்தான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. போன் பேசுகிற நேரத்தில் ஆறாம் படுக்கை மானிட்டர் அலறியது. எட்டிப் பார்த்தால் மேல்கோட்டில் பெரிய பெரிய அகல அலைகள், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு. இதயத்தின் கீழறைகள் சொன்ன பேச்சுக் கேட்காமல் தலைதெறிக்க ஓடத் தொடங்கினால் இப்படித்தான் வரும். ஆளையே கொண்டுபோகிற சமாச்சாரம். ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கோடு பழையபடி ஆகிவிட்டது. செல்வி போனைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள்.

"நெஞ்சு படபடங்குதா?"

"இல்லக்கா."

"மயக்கம் கியக்கம்?"

"ஒன்னும் இல்லக்கா. நீங்க ஓடி வந்ததுதான் பயமா இருந்துச்சு."

அடுத்த நாளும் அதே கதை. போன், அலறல், ஓட்டம், விழிப்பு. ரத்தத்தில் உப்புச் சத்துகளையெல்லாம் பரிசோதித்தார்கள், எல்லாம் சரியாகவே இருந்தன. டாக்டர் மணவாளன் நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். இதய டாக்டர் பயந்தவராக இருப்பது நல்லதுதான் என்றாலும், மூன்றாம் நாள் எனக்கு அவர்மேல் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"சிஸ்டர், ரெண்டு தடவையும் கொழந்தய பாக்கறப்பதான் வந்திருக்கு. மனசு பொங்குது, ஹார்ட் தாங்கல. இனிமே போன் வேணாம்" என்றார்.

"புள்ளையப் பாத்தா நெஞ்சு குளுந்துதான் போவும் சார். தறிகெட்டு ஓடுமா?"

"எனக்கு மட்டும் ஆசையா? நாளைக்கு வார்டுக்கு மாத்தி, கொழந்தய கையில குடுக்கலாம்னு இருந்தேன். இப்ப முடியாது. இன்னொரு தடவ வந்தா மருந்து ஏத்தி சென்னைக்கு அனுப்பிடறேன். நெஞ்சுக்குள்ள மெஷின் வைக்கணுமான்னு அங்க பாக்கட்டும்."

வெளியே வராந்தாவில் செல்வியின் புருஷன் தமிழ்க்குமரன் நின்றிருந்தான். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். சட்டைக் காலரில் இன்னும் வைக்கோல் தூசி. விஷயத்தைச் சொன்னதும் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"சென்னைக்குப் போனா எப்ப சிஸ்டர் வுடுவாங்க?"

"தெரியலப்பா."

"பாப்பாவுக்கு அம்மா வாசனையே மறந்து பூடுமே சிஸ்டர்" என்றான். வாட்டசாட்டமான ஆள், கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டான். உள்ளே வந்துவிட்டேன்.

செல்வியிடம் போன் கிடையாது என்று சொல்வதும் என் தலையில்தான் விழுந்தது. அவள் அழுவாள் என்று தெரியும். அழுத அழுகையில் ஒரு வார்த்தை மட்டும் எனக்கு வினோதமாகப் பட்டது.

"நான் இல்லன்னா அது தூங்காதுக்கா."

"நீ போன்ல பேசறது அதுக்கு இன்னாடி புரியப் போவுது?"

"புரியுங்க்கா" என்று சொல்லிவிட்டுத் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கோபத்தோடுதான் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். டாக்டர் ஃபைலுக்கு அந்த அலறல் நேரத்துப் பட்டை இன்னொரு பிரதி வேண்டும். மானிட்டரிலிருந்து மறுபடி அச்செடுத்தேன். கத்தரிக்கோலை நடுவில் விட்டு வெட்டத் தொடங்கினேன். கோணலாகப் போனது. சனியன், மறுபடியும் அச்செடுக்க வேண்டுமே என்று தூக்கிப் பார்த்தபோதுதான் கை நின்றது.

பாதி வெட்டிய பட்டையில் மேல்கோடும் கீழ்கோடும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. மேலே ஒரே ரகளை. கீழேயோ, அழுத்தத்தின் சின்னச் சின்னக் குன்றுகள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. ஏறி, இறங்கும்போது ஒரு சின்னப் படி வைத்து, மறுபடி ஏறி. ஒவ்வொன்றும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. இதயம் நிஜமாகவே அப்படித் தலைதெறிக்க ஓடியிருந்தால் இந்தக் குன்றுகள் சரிந்து தரைமட்டமாகியிருக்க வேண்டும். ஓடுகிற இதயத்துக்கு ரத்தத்தை நிரப்பிக்கொள்ள நேரம் ஏது?

ஒரு காகித விளிம்பில் குன்றுகளின் இடைவெளியைப் பென்சிலால் குறித்தேன். அதை அப்படியே மேல்கோட்டுக்கு நகர்த்தினேன். பெரிய அலைகளுக்கு நடுவே, அதே இடைவெளியில், முள் முள்ளாகச் சின்னத் துடிப்புகள் எட்டிப் பார்த்தன. அதுதான் செல்வியின் நிஜமான துடிப்பு. மற்றதெல்லாம் வெளியிலிருந்து வந்து ஏறிக்கொண்டது. "அடிப்பாவி!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்ப் படுக்கைப் பெரியவர் விழித்துக்கொண்டார்.

பட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்கு ஓடினேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"கீழ்பாதி ஏன் என் ஃபைல்ல இல்ல?"

"வெட்டி ஒட்டறதுதான சார் நம்ம வழக்கம்? மேல்பாதிதான் உங்களுக்கு."

"யார் வெச்ச வழக்கம்?"

"யாருக்கும் தெரியாது சார். கட்டம் சின்னது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒன்னு. இந்தக் கீழ்கோடு பொய் சொல்லலன்னு இன்னா நிச்சயம்? வாங்க, பாத்துடுவோம்" என்றார். அது நியாயமான கேள்வி. குழாயில் காற்றுக்குமிழி இருந்தாலோ, அழுத்தம் அளக்கும் கருவி இறங்கித் தொங்கினாலோ கீழ்கோட்டை நம்ப முடியாது.

இரண்டு பேரும் ஆறாம் படுக்கைக்குப் போனோம். கருவி இதயத்தின் மட்டத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தார். நான் வால்வைக் காற்றுக்குத் திறந்து கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். பிறகு குழாயில் உப்புநீரைப் பாய்ச்சும் வாலை ஒரு இழு இழுத்து விட்டேன். கோடு விருட்டென்று மேலே போய்ச் சதுரமாக நின்று, கீழே விழுந்து, ஒரு நடுங்கு நடுங்கிவிட்டு, அழகாகப் பழைய குன்றுகளுக்குத் திரும்பியது. குழாய் சுத்தம்.

"நல்ல லைன்" என்றார் டாக்டர். "சரி, ஹார்ட் ஓடல. அப்ப ஓடறது எது?"

அங்கேதான் எங்கள் இரண்டு பேருக்கும் பந்தயமே ஆரம்பித்தது. காற்றுமெத்தையின் மோட்டார்தான் அதிருகிறது என்றேன் நான். அதை ஓடவிட்டு, நிறுத்திப் பார்த்தோம். மேல்கோடு அசையவில்லை. போன் சார்ஜர் என்றார் அவர். செருகிப் பார்த்தார், பிடுங்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. நெஞ்சில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை எல்லாம் புதிதாக மாற்றினேன். அப்போது செல்வி தலையணையை விடவே இல்லை. "இன்னாடி அதுல புதையலா வெச்சிருக்க?" என்று கேட்டேன். "ஒன்னுமில்லக்கா" என்றாள், முகம் வெளுத்துப் போய். நோயாளியின் முகம் வெளுப்பது எங்கள் ஊரில் அதிசயமா என்று நானும் விட்டுவிட்டேன்.

"போன் போட்டே பாத்துடலாம்" என்றார் டாக்டர் கடைசியில். ஆனாலும் பயந்த மனிதர் இல்லையா, ஷாக் கொடுக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து திரைக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். "ரெண்டு தடவையும் நாம ஓடினோம், நின்னுபோச்சு. இந்தத் தடவ யாரும் ஓடக் கூடாது. சத்தத்த நிறுத்திடுங்க."

மானிட்டரின் அலாரத்தை அமுக்கினேன். செல்வியின் கையில் போனைக் கொடுத்தேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள்.

"டாக்டர் பேசச் சொல்லிட்டாரு. பேசு. நான் மாத்திரை எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு, போகிற மாதிரி போய், திரைக்குப் பின்னால் டாக்டரோடு நின்றுகொண்டேன். இரண்டு பேரும் இடுக்கு வழியாகப் பார்த்தோம். படித்த மனிதரும் நானும் பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப் பார்க்கிறவர்கள் போல நின்றதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

போன் எடுத்ததுமே குழந்தையின் வீறிடல். அதற்கும் மேலே தனக்கொடியின் குரல்.

"ஏ செல்வி! எங்கடி போன? காலீலருந்து உன் மவ ஊரையே கூட்டிகினு கெடக்கறா! வூட்ல ஒருத்தருக்கும் தூக்கமில்ல. இவ கத்தற கத்துல என் புள்ளயும் எழுந்துக்கும். சீக்கிரம் தட்டுடி!"

செல்வி ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். இடது கை குழாயோடு பலகையில் கட்டியிருந்தது. வலது கையைத் தலையணைக்கு அடியில் விட்டு, மடித்த பழைய வெள்ளைத்துணி ஒன்றை உருவி, நெஞ்சின்மேல் வைத்தாள். நான் புதிதாக ஒட்டிய ஸ்டிக்கருக்கு நேர் மேலே. போனைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். பிறகு தட்டினாள். தட் தட் தட் தட் என்று, விரல்களை மூடி, உள்ளங்கையைக் குழித்து, அழுகிற குழந்தையின் முதுகில் தட்டுகிற அதே வேகத்தில்.

"ரோ ரோ ரோ... என் தங்கம்... அம்மா இங்கதான் இருக்கறேன்... ரோ ரோ..."

மானிட்டரில் மேல்கோடு பொங்கிக் கொந்தளித்தது. பார்த்தவர்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடுகிற அதே அலைகள். கீழ்கோட்டில் குன்றுகள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் உதட்டில் விரலை வைத்து, "உஷ்! கொழந்த தூங்கட்டும்" என்றார்.

ஆகவே நின்றோம். அந்த நேரத்தில் உள்ளே வந்த இன்னொரு நர்ஸ் திரையில் கொந்தளிப்பைக் கண்டு வாயைத் திறந்தாள். டாக்டர் அவளையும் கைகாட்டி நிறுத்தினார். போனில் வீறிடல் சிணுங்கலாகி, சிணுங்கல் மூச்சாகியது. செல்வியின் கை மெதுவாயிற்று. மேல்கோட்டிலும் அலைகள் தள்ளித் தள்ளி வந்தன. "தூங்கிட்டாடி, நீயும் தூங்கு" என்று தனக்கொடி கிசுகிசுத்தது கேட்டது. செல்வி துணியை மறுபடி மடித்து ஒளிக்கப் போனாள். நான் திரையை விலக்கினேன்.

"கையில இன்னாடி?"

அவள் அந்தத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அக்கா, தூக்கிப் போட்டுடாதீங்கக்கா! பாப்பா துணி. தொவைச்சு வெயில்ல காயவெச்சுதான் நாத்தனார் குடுத்து வுட்டாங்க. இது பக்கத்துல இருந்தா பால் வத்தாதுன்னாங்க. அப்பால போன்ல தட்டற சத்தம் கேட்டாதான் அது தூங்குது. மெத்தையில தட்டுனா சத்தமே வரல, புஸ்ஸுபுஸ்ஸுங்குது. நெஞ்சுல வெச்சு தட்டுனாதான் வருது."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

"நீங்க ஓடியாந்தா ஒளிச்சிடுவேன். எதிர் பெட்டு தாத்தாவோட எலுமிச்சம்பழத்தையே வாசல்ல வீசனவங்களாச்சே நீங்க!"

டாக்டர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. வெளியிலிருந்து ஐ.சி.யு.வுக்குள் எது வந்தாலும் பறிமுதல் செய்கிறவள் நான். தாயத்து, திருநீற்றுப் பொட்டலம், வேளாங்கண்ணி எண்ணெய், எதற்கும் விலக்குக் கிடையாது. கிருமி வந்துவிடும் என்பதற்காகத்தான். அதற்காக இந்தப் பெண் என்னைப் பூச்சாண்டியாகவே நினைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரித்தேனா அழுதேனா என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

"ஏம்மா, இந்தத் துணியால உன்ன சென்னைக்கே ஏத்தி வுட்டிருப்பேனே!" என்றார் டாக்டர்.

"சென்னைக்கா? எதுக்கு சார்?" செல்வி மானிட்டரை அண்ணாந்து பார்த்தாள். "நான் தட்டறது அதுல தெரியுமா?"

"தெரியுமாவா? ஊரே ஓடி வருது!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளைக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. அதுவும் மேல்கோட்டில் கோணல்கோணலாக விழுந்தது.

தமிழ்க்குமரனிடம் சொல்ல நானே வராந்தாவுக்குப் போனேன். "சென்னையெல்லாம் இல்லப்பா. உன் பொண்டாட்டி ஹார்ட்டு நல்லாத்தான் கீது. நாளைக்கு வார்டு. கொழந்தய கொண்டாந்துடு" என்றேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அப்புறம் என்ன தோன்றியதோ, "தனக்கொடி அக்காவுக்குப் போன் போடணும்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுக்காமல் படியிறங்கி ஓடினான். பைக் சாவியும் பெஞ்சிலேயே கிடந்தது.

டாக்டர் பட்டையை என் கையில் கொடுத்தார். "என்ன எழுதப் போறீங்க?"

"நடந்தத எழுதறேன் சார்."

எழுதினேன். துடிப்பு ஒழுங்கு. அழுத்த அலை ஒழுங்கு, கருவி சரிபார்க்கப்பட்டது. மேல்கோட்டில் தெரியும் பெரிய அலைகள், தாய் குழந்தையைத் தூங்க வைக்க நெஞ்சில் தட்டியதால் வந்தவை. பட்டையை வெட்டாமல் முழுசாக ஒட்டினேன். கட்டத்துக்கு வெளியே நாக்கு நீட்டிக்கொண்டு நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன். இனி ஒரு பட்டையையும் இரண்டாக வெட்டக் கூடாது என்று டாக்டரும் உத்தரவு போட்டுவிட்டார்.

மறுநாள் செல்வியின் மணிக்கட்டுக் குழாயை எடுத்துவிட்டு, வார்டில் ஒரு தனியறைக்கு மாற்றினோம். நெஞ்சில் ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. மானிட்டரில் இனி மேல்கோடு மட்டும்தான். மதியம் தனக்கொடி ஒரு இடுப்பில் தன் பிள்ளையும் தோளில் இந்தப் பிள்ளையுமாக வந்து இறங்கினாள். "இந்தாடி உன் சொத்து. எனக்கு இடுப்பே வுட்டுப் போச்சு" என்று சொல்லி, வீறிட்டுக்கொண்டிருந்த அந்தச் சிவப்பு உருண்டையைச் செல்வியின் நெஞ்சில் வைத்தாள்.

செல்வி குனிந்தாள். குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தாள். கை தானாகவே முதுகுக்குப் போயிற்று. தட் தட் தட் தட்.

மானிட்டர் அலறியது. வார்டு நர்ஸ் ட்ராலியை இழுத்துக்கொண்டு, முகமெல்லாம் வெளிறி, ஓடி வந்தாள். "ஓடாதடி, நில்லு" என்றேன் நான். கீழ்கோடு இல்லையே, எதை வைத்துச் சொல்வது? குழாய் எடுத்துக் கட்டுப் போட்டிருந்த கையை விட்டுவிட்டு, செல்வியின் இன்னொரு மணிக்கட்டில் என் மூன்று விரல்களை வைக்கப் பார்த்தேன். அந்தக் கையோ தட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் வைத்தேன். திரையில் அத்தனை கொந்தளிப்பு. என் விரலுக்குக் கீழே செல்வியின் நாடி நிதானமாக, நிறைவாக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வார்டு நர்ஸின் விரலையும் பிடித்து அங்கே வைத்தேன். அவள் திரையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், மூச்சு விட்டாள்.

குழந்தை இரண்டு விக்கல் விக்கி அடங்கியது. செல்வியின் கை மெதுவாகி நின்றது. திரையில் அலைகள் விலகி, அவளுடைய சொந்தத் துடிப்பு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அவள் அசையாமல், கண்ணால் மட்டும் தலையணையைக் காட்டினாள். "அக்கா, அந்தத் துணிய எடுத்துக்கினு போயிடுங்க. இனிமே எனக்கு எதுக்கு அது?"

எடுத்தேன். எத்தனையோ பொருளைப் பறித்த கைதான், ஆனால் தானாகக் கொடுத்து வாங்கியது அதுதான் முதல். மடித்துத் தனக்கொடியின் பையில் வைத்துவிட்டு ஐ.சி.யு.வுக்கு வந்தேன். சாயங்காலப் பட்டைகள் எடுக்க நேரமாகியிருந்தது.